போல்ட்டும் வாஷரும் இன்னும் வரவில்லை

"பூனை வந்தாச்சா சார்?"

எங்கள் அபார்ட்மெண்டில் இதைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. வாட்ச்மேன் கேட்கிறார், இஸ்திரி போடுபவர் கேட்கிறார், லிஃப்டில் இதுவரை என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டாத இரண்டாவது மாடிக்காரர் கேட்கிறார். "இன்னும் இல்லை" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: "பூனைதானே, போய்த் தூக்கிட்டு வர வேண்டியதுதானே?"

நங்கநல்லூரில் பூனைக்குப் பஞ்சமில்லைதான். மீன் வண்டி நிற்கும் முனையில் காலையில் போய் நின்றால் நாலைந்து பேரைப் பார்க்கலாம். ஆனால் நாங்கள் எடுக்கப்போவது ஏற்கெனவே ஒருவர் கையில் வளர்ந்துகொண்டிருக்கும் இரண்டு குட்டிகளை. அவை எப்போது வரும் என்பதை நானோ என் மனைவியோ முடிவு செய்வதில்லை. குட்டிகளின் வயது, எடை, தடுப்பூசி, இப்போது புதிதாக ஒரு வைரஸ், இவைதான் நாள் குறிக்கின்றன. இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து "அடுத்த வாரம் வாங்க" என்று ஊரையெல்லாம் சொல்லி அனுப்பியவன் நான். இப்போது என்னைவிட முப்பது வயது சின்னப் பெண் ஒருவர் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண் பெருங்குடியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார். ஐ.டி. வேலை, இரவு ஷிஃப்ட். தெருவில் தாயில்லாமல் கிடக்கும் குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடு பார்த்து அனுப்புவது அவர் வேலைக்கு வெளியே பார்க்கும் வேலை. எங்கள் குட்டிகள் மேடவாக்கத்தில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தவை. பழைய சீட் கவர்கள் குவிந்து கிடந்த மூலையில் நாலு குட்டிகள். மெக்கானிக் விவரமான ஆள். குட்டிகளைப் பார்த்ததும் தூக்கவில்லை. தாய் இரை தேடப் போயிருக்கும், நாம் கை வைக்காமல் இருந்தால் தானே திரும்பும் என்று அந்த மூலைப் பக்கமே யாரையும் விடவில்லை. ராத்திரி முழுக்கத் தாய் வரவில்லை. மறுநாள் மதியம் குட்டிகள் கத்த ஆரம்பித்த பிறகுதான் வண்டி விட வந்த ஒருவர் மூலமாக இந்தப் பெண்ணுக்குத் தகவல் போனது.

அப்போது குட்டிகளுக்குக் கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிறந்த ஒன்று இரண்டு வாரங்களுக்குள் கண் திறக்கும் என்பதால் அதை வைத்து வயதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வயதில் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காது, ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால். பால் என்றால் ஆவின் பால் இல்லை. பூனைக்குட்டிகளுக்கென்றே வரும் பவுடரைக் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்கக் கூடாது. குப்புற வைத்துத்தான் புகட்ட வேண்டும், இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவிவிட வேண்டும். அப்போதுதான் மூத்திரமே வரும். தாய் நாக்கால் செய்யும் வேலை அது.

"நைட் ஷிஃப்ட் எனக்கு இதுக்குத்தான் யூஸ் ஆவுது அங்கிள்" என்கிறார் அந்தப் பெண்.

ஒர்க்‌ஷாப் குட்டிகள் என்பதால் அவர் வைத்த தற்காலிகப் பெயர்கள் போல்ட்டு, நட்டு, வாஷர், கிளட்ச். நட்டையும் கிளட்ச்சையும் திருவான்மியூரில் ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. எங்களுக்குப் போல்ட்டும் வாஷரும். வீட்டுக்கு வந்ததும் நல்ல பெயராக வைக்கலாம் என்று என் மனைவி சொல்லியிருந்தார். ஆனால் இப்போது சாப்பாட்டு மேஜையில் அவரே "வாஷர் இன்னிக்கு என்ன வெயிட்?" என்று கேட்கிறார். பெயர் மாறப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

போல்ட்டு ஆரஞ்சு, கடுவன். வாஷர் வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்த பெட்டை. முக்கலர் பூனை என்றால் அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரே எக்ஸ், ஆகவே ஆரஞ்சு உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். இரண்டு எக்ஸ் உள்ள பெட்டைக்குத்தான் ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத்திட்டாகச் சேர்ந்து வரும். எக்ஸில் இருக்கிறது என்பது நூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி. அது எந்த மரபணு என்று ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது ஆய்விதழில் வெளிவந்தது 2025-இல்தான். காத்திருக்கும் மனிதன் இதையெல்லாம் படிப்பான். வேறு என்ன செய்வது?

நாங்கள் கேட்டது என்னவோ ஒரு குட்டிதான். ஒன்றை மட்டும் தர மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். தனியாக வளரும் குட்டிக்கு எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பது தெரியாமல் போய்விடுமாம். கூடப் பிறந்ததைக் கடித்தால் அது திருப்பிக் கடிக்கும் அல்லது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திக்கொள்ளும், பாடம் அங்கேயே முடிந்துவிடும். தனிக்குட்டி அந்தப் பாடத்தை நம் கணுக்காலில் படிக்கும். எனக்கு அறுபது நெருங்குகிறது, அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, எங்கள் வீட்டுக் கணுக்கால்கள் அதற்குத் தயாராக இல்லை. சரி, இரண்டாகவே வரட்டும் என்றோம்.

அப்புறம் ஒரு படிவம் வந்தது. வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது ஆஸ்துமா உண்டா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், ஐந்தாறு மாதத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடச் சம்மதமா, சொந்த வீடா வாடகையா. எல்லா ஜன்னலையும் பால்கனியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பொண்ணு கேட்டுப் போனால்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள் என்று சிரித்தார். எனக்கு அந்தப் படிவம் பிடித்திருந்தது. இத்தனை கேட்கிறவர் பொய் சொல்லித் தலையில் கட்ட மாட்டார்.

ஜன்னல் போட்டோவில் நாங்கள் பாஸாகவில்லை. கிரில் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குல இடைவெளி. குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். வலை அடிக்கிறவரைக் கூப்பிட்டேன். "புறாவுக்கா சார்?" என்றார். பூனைக்கு என்றேன். "வெளியேருந்து வர்ற பூனையா?" இல்லை, உள்ளேயிருந்து போகிற பூனைக்கு என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புறாவுக்கு அடிக்கும் நைலான் வலையைப் பூனை கடித்து அறுத்துவிடும் என்று பெருங்குடியிலிருந்து ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருந்ததால், கடைசியில் வெல்டிங் கடையில் கம்பி வலையை ஃபிரேமில் போட்டு வாங்கி, ஜன்னலுக்கு ஜன்னல் முடுக்கினோம். செலவைப் பற்றி மனைவியிடம் சொன்ன தொகையையே இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

இதற்கும் இரண்டாவது மாடிக்காரர் ஒரு கருத்துச் சொன்னார்: பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும். நிற்கும்தான். விழும்போது உடம்பைத் திருப்பிக்கொள்ளும் வித்தை ஆறேழு வாரத்திலேயே அதற்கு வந்துவிடுகிறது. காலில் நிற்பதால் கால் உடையாது என்று யார் சொன்னது? நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஒரு ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பதை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், ஆகவே அது கணக்கிலேயே வராது. இன்சூரன்ஸில் இருந்தவனுக்கு இந்த மாதிரிக் கணக்கு உடனே உறுத்தும்.

வீட்டுக்குள்ளே செய்ய வேண்டியது இதைவிடப் பெரிய பேச்சுவார்த்தை, ஏனென்றால் எதிர்ப்பக்கம் அம்மா. முதல் பிரச்சினை துளசி. தொட்டி மண்ணைக் கண்டால் பூனை தோண்டி அசிங்கம் பண்ணிவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மண் தெரியாதபடி மேலே கூழாங்கல் பரப்பினோம். தண்ணீர் இறங்குகிறதா என்று அம்மா தினமும் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். அடுத்தது பூ கட்டும் நூல். அம்மா சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து மல்லிகை தொடுப்பார், மிச்ச நூல் தரையில் கிடக்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். குடலுக்குள் போன நூல் குடலையே சுருக்கிவிடும், ஆபரேஷன்தான் வழி. இதை விவரித்ததும் அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து, நூல் கண்டை அதில் போட்டு மூடினார்.

பட்டுப் புடவை பீரோவிலிருந்து நாப்தலீன் உருண்டைகள் போயின. தரை துடைக்கும் ஃபினாயில் போயிற்று. மணி பிளாண்ட் மாடிவீட்டம்மாவிடம் போயிற்று, கடித்தால் வாய் எரிந்து வீங்கிவிடும். மாத்திரை டப்பாதான் முக்கியம். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை போதும் ஒரு பூனை சாக. அதை உடைத்து வெளியேற்றுவதற்கு வேண்டிய சக்தி பூனையின் கல்லீரலில் ரொம்பக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அம்மாவின் மாத்திரை இதுவரை தலைமாட்டில் தட்டில் இருந்தது, இப்போது கதவுள்ள அலமாரியில்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் கொஞ்சம் சூடாகப் போனது. எங்கள் வீடு சைவம். "எங்க அத்தை வீட்டுப் பூனை தயிர்சாதம் தவிர வேற எதையும் தொடாது" என்று அம்மா ஆரம்பித்தார். அந்தப் பூனை வெளியே போய் எலி பிடித்துத் தின்றுவிட்டுத்தான் உள்ளே வந்து தயிர்சாதம் தின்றிருக்கும், அத்தைக்கு அது தெரிந்திருக்காது. வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கும் பூனைக்கு அந்த வசதி கிடையாது. டாரின் என்றொரு சத்து இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, பூனையால் அதைப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது. அது இல்லாவிட்டால் கண் போகும். இதயம் வீங்கித் தளர்ந்து போவதற்கும் அதே குறைதான் காரணம் என்று 1987-இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் பூனைத்தீனி செய்கிறவர்கள் டாரினைக் கூட்டினார்கள். பாலும் உதவாது. தாய்ப்பால் மறந்த பூனைக்கு மாட்டுப்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும்.

"அப்ப மாமிசம்" என்றார் அம்மா.

"பாக்கெட்ல வரும்மா. சமைக்கிறதில்ல."

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். தனித் தட்டு, தனி ஸ்பூன், சர்வீஸ் பால்கனியில்தான் சாப்பாடு, கழுவுவது என் வேலை. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மலம் கழிக்கும் தட்டு இரண்டு பூனைக்கு மூன்று வைக்க வேண்டும் என்று சொன்னபோது மட்டும், "நமக்கே ரெண்டு பாத்ரூம்தான்டா இருக்கு" என்றார். இப்போதைக்கு இரண்டில் தொடங்கப்போகிறோம். மூன்றாவது தட்டு, மடித்த செய்தித்தாளுக்கு அடியில் தயாராக இருக்கிறது.

எல்லாம் தயாரான சமயத்தில்தான் தள்ளிப்போனது. எட்டு வாரம் முடிந்து, முதல் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது, அந்த சனிக்கிழமை கூட்டி வருவதாக இருந்தது. வியாழன் இரவு ஃபோன். அந்தப் பெண் அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. அந்த வாரம் புதிதாக வந்த ஒரு குட்டி, வேறு எங்கிருந்தோ எடுத்தது, ஒரே நாளில் வாந்தியும் சோர்வுமாகி இறந்துபோயிருக்கிறது. டாக்டர் மலத்தைச் சோதித்துப் பார்த்துப் பான்லுக்கோபீனியா என்று சொல்லிவிட்டார். நாய்களுக்கு வரும் பார்வோவுக்கு நெருங்கிய உறவுள்ள வைரஸ். நாய்க்குப் பயன்படுத்தும் அதே பார்வோ கிட்டில்தான் பூனைக்கும் பார்க்கிறார்கள். குடலின் உட்சுவரையும் ரத்தத்தின் வெள்ளணுக்களையும் ஒரே நேரத்தில் அழிக்கும். தடுப்பூசி போடாத சின்னக் குட்டிகளுக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம்.

புதுக்குட்டியைத் தனி அறையில்தான் வைத்திருந்தாராம். ஆனால் இந்த வைரஸுக்கு அறை ஒரு பொருட்டில்லை. செருப்பில் போகும், சேலையில் போகும், கையில் போகும். தரையில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். சானிடைசர் வேலைக்காகாது. 1 பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். போல்ட்டு வகையறாவுக்கு ஒரு ஊசி போட்டிருந்தது நல்லது, ஆனால் ஒரு ஊசியால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருந்தால் அது ஊசி மருந்தையே வேலை செய்யவிடாது. அதனால்தான் பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருதரம் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எனவே 14 நாள் யாரும் வரக் கூடாது, எதுவும் போகக் கூடாது.

"பத்து நாள்ல தெரிஞ்சிடும் அங்கிள், இருந்தாலும் பதினாலு முடியட்டும்" என்றார். நான் எதுவும் வாதாடவில்லை.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போய் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து வருவோம். இப்போது அது நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு வீடியோ வரும், சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக உட்கார வைத்து எடுத்தது. சுகமாக வளரும் குட்டிக்கு வாரத்துக்குச் சுமார் 100 கிராம் எடை கூட வேண்டும். கூடாவிட்டால், அதைவிட மோசமாக, இறங்கினால், வாந்தி வருவதற்கு முன்பே அது ஒரு எச்சரிக்கை. வாஷரின் எடை ஒரு நாள் ஏறாமல் அப்படியே நின்றுவிட்டது. அன்று என் மனைவி தூங்கவில்லை, நான் தூங்கியதாக நடித்தேன். மறுநாள் 12 கிராம் ஏறியிருந்தது. நேற்று வாஷர் 870, போல்ட்டு 960.

நாங்கள் போக முடியாவிட்டாலும் வாசனை போகலாம் என்று அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னார். நான் கட்டிய பழைய லுங்கி ஒன்றைத் துவைக்காமல் கொடுத்து அனுப்பச் சொன்னார். அதில் படுத்துப் பழகினால் எங்கள் வீட்டு வாடை அவற்றுக்குப் பழகிவிடும். இங்கிருந்து அங்கே துணி போகலாம், அங்கிருந்து இங்கே ஒரு நூல்கூட வரக் கூடாது. டெலிவரி பையனிடம் லுங்கியைக் கொடுத்தபோது "உள்ள என்ன சார்?" என்று கேட்டான். துணி என்று சொன்னேன். இப்போது வீடியோவில் நாலும் அதன் மேல்தான் உருண்டுகொண்டிருக்கின்றன. ஒரு ஓரம் கிழிந்துவிட்டது.

அம்மா இந்த வீடியோக்களைப் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முந்தாநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வீடியோ ஒன்று, குட்டிகள் இன்னும் பால் பாட்டிலில் இருந்தபோது எடுத்தது. அம்மா வைணவ உபன்யாசம் நிறையக் கேட்டவர். குரங்குக்குட்டி தானாகத் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போய்விடும். பெருமாள் நம்மைக் காப்பது பூனை மாதிரி என்பது தென்கலைக்காரர்கள் கட்சி. மார்ஜார நியாயம் என்பார்கள். "இதுங்களைக் கவ்விட்டுப் போக தாய் இல்ல. அந்தப் பொண்ணு கவ்விக்கிட்டா" என்றார். சொல்லிவிட்டு, வந்தவுடன் எந்த அறையில் விடப்போகிறாய் என்று கேட்டார். முதல் சில நாள் ஒரே அறையில்தான் வைக்க வேண்டும், முழு வீட்டையும் ஒரேயடியாகக் காட்டினால் பயந்து கட்டிலுக்கடியில் போய்விடும் என்றேன். என் புத்தக அறையில் ஏற்பாடு செய்திருக்கிறேன். அங்கே மின்விசிறி சத்தம் அதிகம், தன் அறை அமைதியாக இருக்கும் என்றார் அம்மா. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று மனைவியும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் 14 நாளும் முடிந்துவிடும். நாலுக்கும் இதுவரை ஒன்றும் இல்லை. நேற்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தப் பெண்.

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது: "ஞாயித்துக்கிழமை நாலரைலேருந்து ஆறு ராகு காலம்."

"பூனைக்குமா பாட்டி?"

"பூனைக்கு இல்லம்மா. வீட்டுக்கு."

"அப்ப ஆறரைக்கு வாங்க அங்கிள். லேட் பண்ணாதீங்க, எட்டரைக்கு எனக்கு ஷிஃப்ட். வண்டியில வாந்தி எடுக்கும்னு அதுங்களுக்குச் சாப்பாடு குடுக்காம வச்சிருப்பேன், வீட்டுக்குப் போனதும் குடுங்க."

அம்மா வந்து என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, அன்றைக்குச் சமைக்க நேரம் இருக்காது, ஏதாவது டிபன் பாக்ஸில் போட்டு அங்கிளிடம் கொடுத்து அனுப்புங்கள் என்றார். புளியோதரை என்று முடிவாகியிருக்கிறது. பூனைகளைத் தூக்கி வரும் கேரியரை ஒரு கையிலும் டிபன் பாக்ஸை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நான் ஆட்டோ பிடிக்க வேண்டும்.